பார்க்காமல் போட்ட டிக்

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சிறிய தெருவில், எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் நான் கிரெச் நடத்துகிறேன். பதினோரு குழந்தைகள். எல்லாரும் ஒன்றரை வயதுக்கு மேல், மூன்றரைக்குள். காலை எட்டரை மணிக்குப் பெற்றோர் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். எனக்குத் துணையாக ஓர் அக்கா இருக்கிறார். சமைப்பது, கழுவி விடுவது, தூங்க வைப்பது எல்லாம் அவர். பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும், பெற்றோரிடம் பேசுவதும், பேப்பர் வேலையும் நான். தவறு நடந்தது பேப்பர் வேலையில்தான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வட்டாரத்துக்கு ஒரு நர்ஸ் உண்டு. நகர்ப்புற சுகாதார நிலையத்தில் வேலை. ஸ்கூட்டியில் தெருத்தெருவாகப் போவார். அவர் முதல் தடவை எங்கள் கிரெச்சுக்கு வந்தபோது ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார்.

"மிஸ், காய்ச்சலும் உடம்புல செவப்புத் தடிப்பும் சேர்ந்து எந்தப் பிள்ளைக்கு வந்தாலும் எனக்கு உடனே ஒரு போன் போடுங்க. அது தட்டம்மையா வேற ஏதாவதான்னு நீங்க யோசிக்க வேணாம். ரத்தம் எடுத்துப் பார்த்து நாங்க சொல்றோம்."

"ஒண்ணுமே இல்லன்னா?"

"இல்லன்னா, 'இல்லை'ன்னு திங்கட்கிழமை ஒரு மெசேஜ் போடுங்க. நீங்க சும்மா இருந்துட்டா, பிள்ளைங்க நல்லா இருக்காங்களா, இல்ல நீங்க மறந்துட்டீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தட்டம்மையை நாட்டிலிருந்தே ஒழிப்பதற்காக எல்லா ஊர்களிலும் இப்படித் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். அதன்பிறகு ஒவ்வொரு திங்களும் பத்து மணிக்கு, பால் கொடுத்து முடித்ததும், 'இல்லை' என்று அனுப்பிவிடுவேன். பல் தேய்ப்பது மாதிரி அது ஒரு பழக்கமாகிவிட்டது.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயம். ஒரு திங்கட்கிழமை நான் அந்த மெசேஜை அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது, அக்கா ஒரு பெண் குழந்தையின் நெற்றியில் கை வைத்துக்கொண்டிருந்தார். இரண்டரை வயதுக் குழந்தை. அவளுடைய அம்மா ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவர். சொந்த ஊர் துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம். கணவருக்கு லாரி செட்டில் வேலை என்பதால் மாம்பழச் சாலையில் வாடகைக்குக் குடிவந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

"மிஸ், உடம்பு சுடுது. கண்ணு பாருங்க, மொளகாத்தூள் பட்ட மாதிரி இருக்கு" என்றார் அக்கா.

மூக்கும் ஒழுகியது. இருமினாள். அம்மாவுக்குப் போன் செய்தேன். பன்னிரண்டு மணிக்குள் வந்து தூக்கிக்கொண்டு போனார். சளிக்காய்ச்சல் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

புதன்கிழமை மாலை ஆறரை மணி இருக்கும். பிள்ளைகள் எல்லாரும் போயிருந்தார்கள். நான் விளக்கேற்றிவிட்டு வந்தபோது அந்த அம்மா கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"மிஸ், பாப்பா இன்னும் ஒரு வாரம் பத்து நாளைக்கு வரமாட்டா. அவளுக்கு அம்மை கண்டிருக்கு. மணல்வாரின்னு எங்க நாத்தனார் சொல்றாங்க. காதுக்குப் பின்னாடி ஆரம்பிச்சு மூஞ்சியெல்லாம் எறங்கிருச்சு. நீங்க யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க மிஸ். அம்மை இருக்கிற வீட்டுக்கு யாரும் வரக்கூடாதும்பாங்க."

"சரிங்க, பாப்பாவைப் பார்த்துக்கோங்க" என்று வைத்துவிட்டேன்.

அதன்பிறகு நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. மணல்வாரி என்றால் தட்டம்மைதான் என்று எனக்குத் தெரியும். நர்ஸின் எண்ணை எடுத்தேன். போனைக் கீழே வைத்தேன். 'அம்மை வந்த கிரெச்' என்று தெருவில் பெயர் கிளம்பினால் பதினோரு குழந்தைகளில் எத்தனை பேர் மிச்சம் இருப்பார்கள் என்று மனசு ஓடியது. மாடிக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். அவர், "ரெண்டு நாள் பார்க்கலாமே, வேர்க்குருவாக்கூட இருக்கலாம்" என்றார். எனக்கு அது சௌகரியமான பேச்சாக இருந்தது. அரிசி கழுவப் போனேன்.

அரிசி கழுவும்போது என்னோடு ஐந்தாம் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் மணல்வாரி வந்து போனதில் அவளுக்கு இடது காது கேட்காமல் போயிருந்தது. அதனால் நான் எப்போதும் அவளுக்கு வலப்பக்கம் உட்காருவேன். டீச்சர் இடப்பக்கம் நின்று கேள்வி கேட்டால் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், 'என்ன கேட்டாங்க?' என்று. அந்தப் பார்வை ஞாபகம் வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு போன் செய்துவிட்டேன். நான் வீணாக்கியது முக்கால் மணி நேரம்.

நர்ஸ் என்னைத் திட்டவில்லை. கேள்விகள்தான் கேட்டார். "பாப்பா கடைசியா கிரெச்சுல இருந்தது எப்ப?"

"திங்கட்கிழமை. ஒன்பது மணியிலேர்ந்து பன்னெண்டு மணி வரைக்கும்."

"அதுக்கு முன்னாடி?"

"வெள்ளிக்கிழமை வந்தா. நல்லாத்தான் இருந்தா."

"வெள்ளிக்கிழமைய விடுங்க, அப்ப பரவியிருக்காது. திங்கட்கிழமைதான் முக்கியம். மிஸ், கவனமாக் கேளுங்க. ஊசி போடாத பிள்ளை யாராவது பக்கத்துல இருந்திருந்தா, மூணு நாளைக்குள்ள ஊசி போட்டுட்டா பெரும்பாலும் தடுத்துரலாம். நாளைக்குக் காலையோட மூணு நாள் முடியுது. எல்லாப் பிள்ளைங்களோட தடுப்பூசி அட்டையையும் போட்டோ எடுத்து இப்பவே அனுப்புங்க."

"எல்லாரும் போட்டவங்கதான் சிஸ்டர். சேர்க்கும்போதே பார்த்துத்தான் சேர்ப்பேன்."

"அனுப்புங்க. நானும் ஒரு தடவை பார்த்துக்கறேன்."

ஃபைலை எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு விண்ணப்பம், பின்னால் அட்டையின் ஜெராக்ஸ். தட்டம்மைக்கான எம்.ஆர். ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதுக்கு மேல் இன்னொன்று. முதலில் அந்தப் பெண் குழந்தையின் அட்டை. முதல் ஊசி துறையூரில் போட்டிருந்தது. இரண்டாவது கட்டம் காலி. வீடு மாறி வந்ததில் விட்டுப்போயிருக்கிறது. அதை நான் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். மற்றவர்களுடையது வரிசையாகச் சரியாக இருந்தது. ஏழாவதோ எட்டாவதோ, ஒரு சுருட்டைமுடிப் பையனுடையது. இரண்டு வயது முடிந்தவன். விண்ணப்பத்தில் 'தடுப்பூசி அட்டை பார்க்கப்பட்டது' என்ற வரிக்கு நேரே என் கையால் போட்ட டிக் இருந்தது. பின்னால் ஜெராக்ஸ் இல்லை.

அவனைச் சேர்த்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவனுடைய அப்பா கே.கே. நகரில் ஒரு ஐ.டி. ஆபீசில் வேலை பார்ப்பவர், மரியாதையான மனிதர். "அட்டை வீட்ல இருக்கு மிஸ், நாளைக்குக் கொண்டுவரேன்" என்றார். படித்தவர்தானே என்று நான் டிக் போட்டேன். அந்த 'நாளை' வரவே இல்லை. நானும் கேட்கவில்லை.

அவருக்குப் போன் செய்து, ஒரு குழந்தைக்குத் தட்டம்மையாக இருக்கலாம் என்று மட்டும் சொல்லி, அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

"அவனுக்கு அந்த ஊசி போடலை மிஸ்" என்றார்.

"எந்த ஊசி?"

"எம்.ஆர்., ரெண்டுமே. மூணாவது மாசம் ஒரு ஊசி போட்டப்ப அன்னிக்கே காய்ச்சல் வந்து பிட்ஸ் வந்துருச்சு. அவன் கண்ணு மேல சொருகினதை நான் பார்த்தேன் மிஸ். ஆஸ்பத்திரியில ஒண்ணும் பயமில்லன்னுதான் சொன்னாங்க. ஆனா மறுபடி அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அப்புறம் போடலாம், அப்புறம் போடலாம்னு..."

திங்கட்கிழமை காலையில் அவனும் அந்தப் பெண் குழந்தையும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே டப்பாவிலிருந்து கட்டைகளை எடுத்து அடுக்கினார்கள். அதையும் சொன்னேன். காலை ஒன்பது மணிக்கு சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னேன். "பார்க்கிறேன்" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை கிரெச்சை அக்காவிடம் விட்டுவிட்டு நான் எட்டே முக்காலுக்கே அங்கே போய் நின்றேன். ஒன்பதரை வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கார் வந்தது. பையனும் அப்பாவும் அம்மாவும். பையன் என்னைப் பார்த்து "மிஸ்!" என்று கத்தினான். அவனுக்கு அது ஏதோ உல்லாசப் பயணம்.

அப்பா நாற்காலியில் உட்காரவில்லை. "சிஸ்டர், மறுபடி பிட்ஸ் வந்தா யாரு பொறுப்பு?" என்று நின்றபடியே கேட்டார். பையனின் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குள் இது பலமுறை பேசி ஓய்ந்த விஷயம் என்பது தெரிந்தது.

நர்ஸ் பதற்றப்படவில்லை. "நீங்க பயந்தது நியாயம்தாங்க. என் பிள்ளையா இருந்தா நானும் பயந்துருப்பேன். டாக்டர் இருக்காங்க, அவங்களும் பார்ப்பாங்க. நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். பிட்ஸ் வந்தது ஊசியால இல்ல, காய்ச்சல் ஏறினதால. தட்டம்மை வந்தா எத்தனை நாள் எவ்வளவு காய்ச்சல் அடிக்கும்னு நெனைக்கிறீங்க? இந்த ஊசிக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு லேசா வரும். எப்ப வரும்னு நமக்குத் தெரியும். மருந்தக் கையில வச்சுக்கிட்டு நாம தயாரா இருக்கலாம். தட்டம்மை சொல்லிட்டு வராது."

உள்ளே டாக்டர் பையனைச் சோதித்துப் பார்த்து, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டையும் படித்துவிட்டு, தாராளமாகப் போடலாம் என்றார். அப்போதும் அப்பா யோசித்துக்கொண்டிருந்தார். பையனின் அம்மாதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "போட்டுறலாங்க. இத்தனை நாள் உங்களுக்காக நான் பேசாம இருந்தேன். இன்னிக்கு இருக்க முடியாது."

நர்ஸ் பெட்டியிலிருந்து புது மருந்துக் குப்பியை எடுத்துக் கலந்தார். அன்று ஊசி போடும் நாள் இல்லை. பல குழந்தைகளுக்குப் போதுமான குப்பியை ஒரு பிள்ளைக்காக உடைக்கிறீர்களே என்று நான் கேட்டேன். "கலந்துட்டா நாலு மணி நேரந்தான் மிஸ், அப்புறம் கொட்டணும். அதுக்காகப் பிள்ளையக் காக்க வைக்க முடியுமா?" என்றார். அப்பாவே அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வலது கையில் போட்டார்கள். பையன் ஒரு நிமிடம் அழுதான். அப்பா அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். சுவர்க் கடிகாரத்தில் பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது.

அங்கிருந்து நானும் நர்ஸும் ஸ்கூட்டியில் மாம்பழச் சாலைக்குப் போனோம். பெண் குழந்தையின் வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. கதவைத் திறந்த அம்மா நர்ஸின் சேலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்களை நம்பித்தானே மிஸ் சொன்னேன். ஊருக்கே சொல்லிட்டீங்களே."

நர்ஸ் செருப்பை வாசலிலேயே கழற்றினார். "வேப்பிலை இருக்கட்டுங்க. அதைப்பத்தி நான் ஒண்ணும் சொல்ல வரலை. பாப்பாவைப் பார்த்துட்டுப் போயிடறேன். தண்ணி குடிக்கிறாளா?" என்றார்.

அந்தக் கேள்விதான் கதவைத் திறந்தது. "நேத்துலேர்ந்து சரியாக் குடிக்கலை" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா விலகி வழிவிட்டார்.

குழந்தை இருட்டறையில் பழைய வேட்டித் துணியில் படுத்திருந்தாள். முகம், கழுத்து, மார்பு எல்லாம் செந்தடிப்பு. கண்ணைப் பாதிதான் திறந்து என்னைப் பார்த்து அழுதாள். சத்தம் வரவில்லை. நர்ஸ் மூச்சை எண்ணிப் பார்த்தார், காதைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார். வைட்டமின் ஏ மருந்தைக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்தார். இன்னொரு வேளை நாளைக்கு வந்து தருவதாகச் சொன்னார். மூச்சு இழுத்தாலோ குடிப்பதையே நிறுத்தினாலோ எந்த நேரமானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, தன் எண்ணைக் கொடுத்தார். பிறகு ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்.

"அம்மை போட்ட உடம்புல ஊசி குத்துறதா?" என்று அந்த அம்மா பதறினார்.

"கொஞ்சூண்டுதாங்க. இது எந்த அம்மைன்னு தெரிஞ்சாத்தான், வேற எந்தப் பிள்ளைக்குப் பரவியிருக்குன்னு தேட முடியும். இவளுக்கு இது எங்கேயிருந்தோ வந்திருக்கு இல்லையா? அங்க இன்னும் பிள்ளைங்க இருப்பாங்க."

அந்த அம்மா கொஞ்ச நேரம் மகளின் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். ரெண்டு வாரத்துக்கு முன்னால் ஊரில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அங்கே ஒரு பையனுக்கு இதே மாதிரி இருந்தது. வெளியே சொல்லாமல் உள் அறையில் வைத்திருந்தார்கள். பாப்பா அவனோடு விளையாடினாள்.

"அண்ணன் வீட்ல கைக்குழந்தை வேற இருக்கு" என்றார். அவரே குழந்தையின் கையைப் பிடித்து நீட்டினார்.

நர்ஸ் ஐஸ் பெட்டிக்குள் ரத்தக் குழாயை வைத்து மூடிவிட்டு, வாசலிலேயே நின்று துறையூர்ப் பக்கத்து நர்ஸுக்குப் போன் செய்தார். ஊர்ப் பெயர், தெரு, வீட்டு அடையாளம். நான் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே என் செருப்பைத் தேடினேன்.

அன்று மாலையே எல்லாப் பெற்றோரிடமும் நடந்ததைச் சொன்னேன். அட்டை பார்க்காமல் டிக் போட்டதையும் சொன்னேன். அதை மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் இரண்டாவது தடவை மறைக்க எனக்குத் தெம்பில்லை. இரண்டு ஊசியும் போட்ட பிள்ளைகள் தாராளமாக வரலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். இருந்தாலும் மறுநாள் நான்கு பேர்தான் வந்தார்கள். ஓர் அம்மா, "உங்க மேல கோவம் இல்ல மிஸ், வீட்ல விடமாட்டேங்கறாங்க" என்று மெசேஜ் போட்டார். இன்னொருவர் ஒன்றுமே சொல்லாமல் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினார். நான்கு குழந்தைகளுக்கு அக்கா வழக்கம்போலப் பதினோரு பேருக்குச் சமைத்துவிட்டு, மிச்சத்தைப் பார்த்து, "நாம ரெண்டு பேரும் சாப்பிட்டுக் குண்டாகப் போறோம் மிஸ்" என்றார். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

ஆறாம் நாள் ரிசல்ட் வந்தது. தட்டம்மைதான்.

சுருட்டைமுடிப் பையனை மூன்று வாரம் வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். தினமும் காலையில் அவனுடைய அப்பா 'நார்மல்' என்று அனுப்புவார். நான் அதைப் பார்த்த பிறகுதான் காபி குடிப்பேன். ஊசி போட்ட ஒன்பதாம் நாள், சனிக்கிழமை, மெசேஜுக்குப் பதிலாகப் போன் வந்தது.

"மிஸ், நூத்தி ஒண்ணு இருக்கு."

நர்ஸும் நானும் அரை மணியில் அவர்கள் வீட்டில் இருந்தோம். பையன் சோபாவில் சோர்ந்து கிடந்தான். அப்பா மருந்தும் ஈரத்துணியும் தெர்மாமீட்டரும் பக்கத்தில் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நர்ஸ் காதுக்குப் பின்னால் பார்த்தார், வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்.

"இது ஊசிக் காய்ச்சலா, அதுவா?" என்று அப்பா கேட்டார்.

"உண்மையச் சொல்லணும்னா, ரெண்டுமே இந்த நாள்லதாங்க ஆரம்பிக்கும். ஆனா இவனுக்கு இருமல் இல்லை, கண்ணு சிவக்கலை, மூக்கு ஒழுகலை. ரெண்டு நாள் பொறுங்க."

அந்த இரண்டு நாளில் நான் எத்தனை தடவை போனை எடுத்துப் பார்த்தேன் என்று என் கணவரைத்தான் கேட்க வேண்டும். சாயங்காலம் அம்மா மண்டபம் படித்துறையில் போய் உட்கார்ந்தேன். ஆற்றில் தண்ணீர் ஓடியது, எதிரே ஆட்கள் குளித்தார்கள், எதையும் நான் பார்க்கவில்லை. பிட்ஸ் வரவில்லை. தடிப்பு வரவில்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவனுடைய அம்மா ஒரு வீடியோ அனுப்பினார். பையன் இட்லியைப் பிய்த்துத் தரையில் எறிந்துகொண்டிருந்தான். பின்னால் அப்பாவின் குரல், "டேய், டேய்" என்று. அந்த வீடியோவை அக்காவிடம் காட்டினேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் குழந்தைகளின் சின்ன நாற்காலி ஒன்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

துறையூர்ப் பக்கத்துச் சேதியையும் நர்ஸ் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தக் கிராமத்தில் வீடுவீடாகப் போனதில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு இருந்தது தெரிந்தது. ஒரு பையனுக்கு மூச்சுத் திணறல் ஆரம்பித்திருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் தேறிவிட்டான். ஊசி விட்டுப்போன பிள்ளைகளுக்கெல்லாம் ஊர்க் கோயில் வாசலிலேயே முகாம் வைத்துப் போட்டார்கள். கைக்குழந்தைக்கு ஒன்றும் வரவில்லை. அதைக் கேட்டபோதுதான், வாசலில் நின்று அந்த அம்மா என்னைக் கேட்ட கேள்வி என் மார்பிலிருந்து கொஞ்சம் இறங்கியது.

மூன்று வாரம் ஓடியது. எங்கள் பதினோரு பேரில் வேறு யாருக்கும் வரவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். குழுவிலிருந்து விலகியவர் மட்டும் வரவில்லை. இப்போது அட்டையைக் கையில் வாங்கி, தேதியை விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் பிள்ளையை உள்ளே விடுகிறேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. பரவாயில்லை.

பெண் குழந்தை வந்த அன்று காலை அவள் அம்மா வாசலில் தயங்கி நின்றார். குழந்தையின் கால்கள் குச்சியாக இருந்தன, ஆனால் கண் தெளிவாக இருந்தது. "அண்ணன் போன் பண்ணுச்சு மிஸ். 'நீ சொல்லலன்னா எங்க பிள்ளைங்களை யாரு பார்த்திருப்பா'ன்னுச்சு. நான் சொல்லலை, எங்க மிஸ்தான் சொன்னாங்கன்னேன்" என்றார். "பஸ் போயிடும், போங்க" என்றேன். பையைக் கொடுத்துவிட்டு ஓடினார்.

பத்து மணிக்கு உள்ளே ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால், சுருட்டைமுடிப் பையன் ஒரு பிளாஸ்டிக் யானையைத் தர மறுத்ததற்கு அவள் அவன் கையைக் கடித்திருக்கிறாள். இருவரும் தொண்டை கிழிய அழுதார்கள். அக்கா ஒருத்தியைத் தூக்கினார், நான் மற்றவனைத் தூக்கினேன். பல் பதிந்த இடம் சிவந்திருந்தது. வழக்கமாக இதற்குப் பெற்றோர் கோபித்துக்கொள்வார்கள். அவனுடைய அப்பாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"கடிதானே மிஸ்?" என்றார். "வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற ஒண்ணும் இல்லைங்க."

மறுமுனையில் அவர் சிரித்தார். இந்தப் பக்கம் அவருடைய மகன் என் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.